கருவிலே உருவாகும் மூளை: ஓர் ஆராய்ச்சி வரலாறு

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது முன்னோர் வாக்கு. அச்சிரசினுள்ளே பிரதானமாயிருப்பது மூளை. அம்மூளையிலும் மனிதனை மற்றை உயிர்களினின்று வேறுபடுத்திக் காட்டுவது, அதன் மேற்புறத்தைப் போர்த்திருக்கும் மேற்பட்டை. இரண்டு முதல் நான்கு மில்லிமீற்றர் வரையே தடிப்புள்ள அம்மெல்லிய படையில் ஏறத்தாழ 1,600 கோடி நரம்புக்கலங்கள் ஆறு அடுக்குகளாக அமைந்திருக்கின்றன. பேச்சும் எழுத்தும், கணக்கும் கலையும், நினைவும் திட்டமும் அவற்றின் தொழிற்பாட்டிலேயே தங்கியுள்ளன. இவ்வரிய இழையம் எப்பொழுது தோன்றுகிறது? எங்கிருந்து தோன்றுகிறது? ஆறு அடுக்குகளாக அதனை அடுக்கிவைப்பது யாது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதற்கு மனித இனம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது. அவ்விடை கண்ட வரலாற்றில் அறிஞர்தம் பொறுமையும் உண்டு. கருவிலிருந்த குழந்தைகள் சிலர் கொடுத்த கொடிய விலையும் உண்டு.

பண்டைக் கிரேக்கத்தில் அறிவின் இருப்பிடம் பற்றியே கருத்து வேறுபாடு நிலவியது. அரிஸ்டோட்டில் இதயமே உணர்வின் இருப்பிடம் என்றும், மூளை உடற்சூட்டைத் தணிக்கும் உறுப்பு என்றும் கொண்டார். கிறித்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த எரசிஸ்திராத்தஸ் என்னும் மருத்துவர், மனித மூளையின் மடிப்புகள் மிக்கிருப்பதே மனித அறிவு மிக்கிருப்பதற்குக் காரணம் என்றார். நானூறு ஆண்டுகளுக்குப் பின்வந்த கேலன், கழுதைக்கும் மடிப்புகள் நிறைந்த மூளை உண்டன்றோ என்று கூறி அக்கருத்தை எள்ளி ஒதுக்கினார். கேலனின் செல்வாக்கு ஐரோப்பாவில் ஆயிரத்து நானூறு ஆண்டுகள் நீடித்தது. ஆதலால் மூளையின் நடுவிலுள்ள வெற்றிடங்களிலேயே மனத்தின் ஆற்றல்கள் உறைகின்றன என்னும் நம்பிக்கை வேரூன்றியது. மேற்பட்டையோ, குடற்சுருளைப் போன்று வரையப்படும் வெறும் உறையாகக் கருதப்பட்டது.

கருவின் வளர்ச்சி பற்றிய எண்ணமும் நெடுங்காலம் தடம் மாறியே சென்றது. முழு மனிதனின் சிற்றுருவம் ஒன்று விந்துக்குள் மடங்கியிருக்கிறது என்றும், கருப்பையில் அது பருத்துப் பெரிதாவதே வளர்ச்சி என்றும் பலர் கருதினர். 1694ஆம் ஆண்டில் ஹாட்சூக்கர் என்னும் ஒல்லாந்த அறிஞர், விந்தணுவின் தலைக்குள் குந்தியிருக்கும் குட்டி மனிதனைப் படமாகவே வரைந்து காட்டினார். இக்கொள்கை மெய்யாயின், மூளை எப்பொழுது தோன்றுகிறது என்ற வினாவே எழாது. 1759இல் காஸ்பர் பிரீட்ரிக் வொல்ஃப் என்பார், உறுப்புகள் முன்னரே இருப்பனவல்ல. உருவமற்ற பொருளிலிருந்து படிப்படியாக உருவாகின்றன என்று எழுதினார். அதன் பின்னரே கருவின் மூளையை ஆராய்வதற்குப் பொருள் ஏற்பட்டது.

அவ்வாராய்ச்சியை முதன்முதல் ஒழுங்குறச் செய்தவர் பிரீட்ரிக் தீடமான் என்னும் ஜேர்மானியர். கருமூளை தொட்டாற் குழையும் மென்மையுடையது. அதனை மதுசாரத்தில் இட்டு இறுகச்செய்து, இரண்டாம் மாதம் முதல் பிறப்புவரையுள்ள பருவங்களை வரிசைப்படுத்தி அவர் ஆராய்ந்தார். அவருடைய நூல் 1816இல் நூரன்பேர்க் நகரில் வெளியாயிற்று. முதலில் மெல்லிய சவ்வுபோலத் தோன்றும் இரு அரைக்கோளங்கள் மெல்ல மெல்லப் பின்னோக்கி வளர்ந்து மூளையின் ஏனைய பகுதிகளை மூடுகின்றன என்பதையும், நெடுங்காலம் வழவழப்பாயிருக்கும் மேற்பரப்பு பிற்பட்ட மாதங்களிலேயே மடிப்புறுகின்றது என்பதையும் அவர் தெளிவுபடுத்தினார்.

தீடமானின் பெயர் வேறொரு காரணத்தாலும் நினைக்கத்தக்கது. ஆபிரிக்க மக்களின் மூளை தாழ்ந்தது என்று ஐரோப்பிய அறிஞர் பலர் ஆதாரமின்றி எழுதிவந்த காலம் அது. தீடமான் பல இனத்தவரின் மண்டையோடுகளில் தினையை நிரப்பி, அவற்றின் கொள்ளளவை ஒப்புநோக்கினார். 1836இல் இலண்டன் அரச கழகத்தின் வெளியீட்டில், ஆபிரிக்கருடைய மூளைக்கும் ஐரோப்பியருடைய மூளைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை என்று அறிவித்தார். பிரித்தானியப் பேரரசில் அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறி மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. மூளையின் தோற்றத்தைக் கருவிலிருந்தே கண்டவர், மனிதருள் உயர்வு தாழ்வு கற்பிப்பதற்கு அதனிடத்தே சான்றில்லை என்று கூறியமை பொருத்தமானதே.

தீடமான் வெறுங்கண்ணாற் காணக்கூடியதைக் கண்டார். கண்ணுக்குத் தெரியாததைக் காட்டுவதற்குக் கலக்கொள்கையும் நல்ல நுணுக்குக்காட்டியும் தேவைப்பட்டன. 1839இல் தியோடோர் சுவான், விலங்குடல் முழுவதும் கலங்களால் ஆனது என நிறுவினார். அடுத்த தலைமுறையில், சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிற் பிறந்து லைப்சிக் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய வில்கெல்ம் ஹிஸ் என்னும் பேராசிரியர், முளையங்களை மிக மெல்லிய சீவல்களாக வரிசை குலையாமல் வெட்டும் கருவியொன்றை அமைத்தார். அச்சீவல்களைப் பார்த்து வரைந்து, அவ்வரைபடங்களிலிருந்து முழு உருவையும் மீளக் கட்டினார். 1880 முதல் 1885 வரை வெளிவந்த அவருடைய மனித முளைய நூல் இத்துறைக்கு அடித்தளமாயிற்று.

ஹிஸ் கண்ட உண்மை இது: நரம்புக்கலங்கள் தாம் இறுதியாகத் தங்கும் மேற்பட்டையிலே பிறப்பதில்லை. மூளையின் உள்ளே, வெற்றிடத்தை ஒட்டிய சுவரிலேயே அவை பிறக்கின்றன. பிறந்தபின் வெளிநோக்கிப் பயணஞ்செய்து தம் இடத்தை அடைகின்றன. எங்கிருந்து என்ற வினாவுக்கு இவ்வாறு விடை கிடைத்தது. ஆயினும் ஒரு பிழையும் உடன் புகுந்தது. நரம்புக்கலத்தைப் பெறும் கலம் வேறு, அதற்குச் சட்டமாக நிற்கும் கலம் வேறு என்று ஹிஸ் கருதினார். அவை ஒரே கலத்தின் இரு நிலைகளே என்று அல்பிரெட் சாப்பர் 1897இல் மறுத்துரைத்தார். இவ்வழக்கு முற்றாகத் தீர ஒரு நூற்றாண்டு சென்றது.

இதனிடையே இத்தாலியில் கமில்லோ கொல்ஜி 1873இல் வெள்ளி உப்பினால் நரம்புக்கலங்களைக் கறுப்பாக்கும் முறையைக் கண்டறிந்தார். பல்லாயிரங் கலங்களுள் மிகச் சிலவே இம்முறையிற் சாயமேறும். ஏறியவை வேர் முதல் நுனிவரை முழுமையாகத் தெரியும். ஸ்பெயின் நாட்டு சந்தியாகோ றமொன் இ கஹால் 1887இல் இம்முறையைக் கண்டு வியந்தார். வளர்ந்த மூளை அடர்ந்த காடு போன்றது; அதில் ஒரு மரத்தின் கிளையை மற்றொன்றின் கிளையினின்று பிரித்தறிதல் அரிது. ஆகவே மரங்கள் கன்றுகளாயிருக்கும் பருவத்தில், அஃதாவது கருப்பருவத்தில், பார்ப்பதே தக்கது என அவர் துணிந்தார். அத்துணிவு பெரும்பயன் தந்தது. நரம்புக்கலம் ஒவ்வொன்றும் தனித்தது என்பதும், வளரும் நரம்பிழையின் நுனி கூம்புபோல் விரிந்து வழிதேடிச் செல்கிறது என்பதும் வெளியாயின.

மேற்பட்டையின் மிக வெளிப்புறத்தில், கருப்பருவத்தில் மட்டும் மிகுந்து காணப்படும் விந்தையான கலங்கள் சிலவற்றையும் கஹால் கண்டார். சுவீடன் நாட்டு ரெட்சியஸ் அவற்றை மனிதக் கருவிலும் கண்டார். அவற்றின் தொழில் யாது என்பது அவ்விருவர் காலத்தில் விளங்கவில்லை. கொல்ஜிக்கும் கஹாலுக்கும் 1906இல் நோபெல் பரிசு ஒருங்கே வழங்கப்பட்டது. அம்மேடையிலேயே கொல்ஜி, கஹாலின் கொள்கையை மறுத்துப் பேசினார் என்பது அறிவியல் வரலாற்றிற் சுவையான செய்தியாகும்.

1909இல் கோர்பினியன் புரோட்மன் மேற்பட்டையை அதன் நுண்ணமைப்புக்கேற்பப் பல பிரதேசங்களாக வகுத்தார். கருவின் ஆறாம் மாதம் முதல் எட்டாம் மாதம் வரையில் ஆறு அடுக்குகளும் தெளிவுறுகின்றன என்றும் காட்டினார். அடுக்குகள் இருப்பது தெரிந்தது. அவை எம்முறையில் அடுக்கப்பட்டன என்பது தெரியவில்லை. இறந்த இழையத்தில் ஒரு கலத்தின் பிறந்தநாளை எவ்வாறு அறிவது?

அதற்கு வழி காட்டியது அணுயுகம். கலம் பிரியும்போது தன் மரபுப்பொருளைப் புதிதாக ஆக்குவதற்குத் தைமிடின் என்னும் பொருளை உள்வாங்கும். கதிர்வீசும் ஐதரசன் சேர்ந்த தைமிடினைக் கருவுற்ற சுண்டெலிக்குச் செலுத்தினால், அந்நாளிற் பிறக்கும் கலங்கள் அவ்வடையாளத்தைத் தாங்கி நிற்கும். பின்னர் மூளையைச் சீவி ஒளிப்படப் பசை பூசி இருளில் வைத்தால், அக்கலங்கள் தம்மைத் தாமே படம்பிடித்துக் காட்டும். இம்முறையால் ஆஞ்செவின், சிட்மன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் 1961இல் எதிர்பாராத உண்மையொன்றைக் கண்டனர்.

நேயர்கள் ஆறு மாடிக் கட்டடம் ஒன்றை மனத்திற் கொள்ளலாம். முதலில் வந்தோர் கீழ்மாடியில் அமர்கின்றனர். அடுத்து வருவோர், ஏற்கெனவே ஆட்கள் நிறைந்த கீழ்மாடியின் ஊடாகவே ஏறி, அதற்கு மேலுள்ள மாடியில் அமர்கின்றனர். கடைசியாக வருவோர் எல்லாரையும் கடந்து மேல்மாடியைச் சேர்கின்றனர். மேற்பட்டையின் கலங்களும் இவ்வாறே அமைகின்றன. முதலிற் பிறந்தவை உள்ளடுக்கிலும், பின்னர்ப் பிறந்தவை அவற்றைக் கடந்து வெளியடுக்குகளிலும் தங்குகின்றன. மிக வெளியேயுள்ள முதலடுக்கு ஒன்றே இவ்விதிக்கு விலக்கு.

பிறந்த கலம் வழிதவறாமல் மேலேறுவது எங்ஙனம்? யூகோசிலாவியாவிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய பாஸ்கோ ராகிச் இதற்கு விடை கண்டார். குரங்கின் கருமூளையை இலத்திரன் நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்து, உட்சுவரிலிருந்து வெளிப்பரப்பு வரை நீளும் மெல்லிய இழைகளைத் தழுவியவாறு இளங்கலங்கள் ஏறுகின்றன என்று 1972இல் அவர் காட்டினார். பனையைத் தழுவி ஏறும் தொழிலாளியைப் போன்றே ஒவ்வொரு கலமும் தன் இழையைப் பற்றி ஏறுகிறது. அவ்விழைக்குரியவை ஆரைக்கலங்கள். 1974இல் அவர் வெளியிட்ட மற்றோர் ஆய்வு குரங்கின் பார்வை மேற்பட்டை பற்றியது. ஏறத்தாழ 165 நாட் கருக்காலத்தின் நடுப்பகுதி கழிந்து சில வாரங்களுக்குள்ளேயே அங்கு நரம்புக்கலப் பிறப்பு முடிந்துவிடுகிறது என்பதை அது உறுதிசெய்தது. மனிதனில் இப்பிறப்பு ஏழாம் வாரமளவில் தொடங்கி ஏழாம் மாதத்துக்கு முன்னரே பெரும்பாலும் நிறைவுறும்.

அறிவியற்கூடத்திலே இவ்வாறு வாரக்கணக்கு வகுக்கப்பட்டுக்கொண்டிருக்கையில், அதே கணக்கு வேறிடத்தில் வேறு வகையாக எழுதப்பட்டிருந்தது. 1945 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஹிரோஷிமாவிலும் 9ஆம் நாள் நாகசாகியிலும் அணுகுண்டுகள் வீழ்ந்தன. அந்நாளிற் கருவுற்றிருந்து உயிர் தப்பிய தாய்மாருள் சிலர், பின்னர் மிகச் சிறிய தலையுடைய குழந்தைகளைப் பெற்றனர். அவருட் சிலர் பேச்சுத் திருந்தாதவராயும், தம் காரியங்களைத் தாமே செய்ய இயலாதவராயும் வளர்ந்தனர். பெற்றோர் அயலார்க்கு அஞ்சி அப்பிள்ளைகளை மறைத்து வளர்த்தனர். 1965இல் அவர்கள் ஒன்றுகூடிக் காளான் சங்கம் என்ற பெயரில் ஒரு சங்கம் அமைத்தனர். காளான் குடைபோல் எழுந்த முகிலின் கீழ்க் கருவிலிருந்த பிள்ளைகளுக்காக அமைந்த சங்கம் அது.

கருவிலிருக்கையிற் கதிர்வீச்சுக்கு உட்பட்ட ஏறத்தாழ 1,600 பிள்ளைகளின் நிலையை ஒட்டாகே, சல் என்னும் இரு ஆய்வாளர் ஆராய்ந்து 1984இல் முடிவு வெளியிட்டனர். அப்பிள்ளைகளுள் 30 பேர் கடுமையான உளவளர்ச்சிக் குறையுடையவராயிருந்தனர். பாதிப்பு எல்லா மாதங்களிலும் ஒரே வகையாக நிகழவில்லை. கருவுற்ற எட்டாம் வாரம் முதல் பதினைந்தாம் வாரம் வரையிலிருந்தோர்க்கே ஆபத்து மிகுதியாயிருந்தது. பதினாறு முதல் இருபத்தைந்தாம் வாரம் வரையிற் குறைவாயிருந்தது. எட்டாம் வாரத்துக்கு முன்னரும் இருபத்தைந்தாம் வாரத்துக்குப் பின்னரும் அத்தகைய மிகுதி தென்படவில்லை.

எட்டு முதல் பதினைந்து வாரம் என்பது என்ன காலம்? மேற்பட்டையின் கலங்கள் பெருகிப் பிறந்து, இழைகளைப் பற்றி ஏறத்தொடங்கும் காலம் அதுவே. எலியிலும் குரங்கிலும் அறிஞர் வகுத்த கணக்கு மனிதரிடத்தே இவ்வாறு மெய்யாயிற்று. எவரும் செய்யத் துணியக்கூடாத சோதனை ஒன்றைப் போர் செய்து முடித்திருந்தது. கருவுற்ற பெண்களுக்குக் கதிர்ப்படம் எடுப்பதில் இன்று மருத்துவர்கள் காட்டும் எச்சரிக்கைக்கு இவ்வாராய்ச்சியும் ஒரு காரணம்.

இதன்பின் வந்த ஆண்டுகளிற் பழைய புதிர்கள் ஒவ்வொன்றாய் அவிழ்ந்தன. கஹால் கண்ட விந்தைக் கலங்கள் ரீலின் என்னும் புரதத்தைச் சுரக்கின்றன என்பது 1995இல் தெரியவந்தது. அப்புரதம் இல்லாத சுண்டெலியின் மூளையில் அடுக்குகள் தலைகீழாய்க் குழம்பிக் கிடந்தன. கஹால் படம் வரைந்து நூறாண்டு கழித்தே அக்கலங்களின் தொழில் விளங்கிற்று. மேற்பட்டைக்கு வரும் கலங்களெல்லாம் நேர்மேலே ஏறுவனவல்ல. அடக்கும் தொழிலுடைய கலங்கள் பல மூளையின் வேறு பகுதியிற் பிறந்து பக்கவாட்டிற் பயணஞ்செய்து வந்து சேர்கின்றன என்று 1997இல் நிறுவப்பட்டது. சாகிரெப் நகரைச் சேர்ந்த இவிச்சா கொஸ்தோவிச் 1974 முதல் விளக்கிய அடிப்படை ஒன்று மேற்பட்டைக்குக் கீழே உண்டு. உடலின் புலன்களிலிருந்து வரும் நரம்பிழைகள், தமக்குரிய மாடி கட்டிமுடியும்வரை அவ்விடத்திற் காத்திருக்கின்றன. கட்டடம் எழுந்தபின் சாரத்தைப் பிரிப்பதுபோல, அப்படையின் பெரும்பகுதியும் பின்னர் மறைந்துவிடுகிறது.

ஹிஸ் தொடங்கிவைத்த வழக்கு 2001இல் தீர்ந்தது. நொக்டர், கிரீக்ஸ்ரைன் முதலியோர், ஆரைக்கலமே பிரிந்து நரம்புக்கலத்தைப் பெறுகிறது என்று நேரிற் கண்டு காட்டினர். ஏணியென்று கருதப்பட்டது தாயாகவும் இருந்தது. தான் பெற்ற பிள்ளையைத் தன் மேலேயே ஏற்றி அனுப்பும் தாய் அது. சாப்பர் 1897இற் கூறியதே மெய்யாயிற்று. 2010இல், உட்சுவரைவிட்டு விலகி வெளியே பெருகும் ஒருவகை ஆரைக்கலம் மனிதக் கருவில் மிகுதியாக இருத்தல் கண்டறியப்பட்டது. மனித மேற்பட்டை இத்துணை விரிந்தமைக்கு அதுவும் ஒரு காரணம் எனக் கருதப்படுகிறது.

எரசிஸ்திராத்தஸ் எழுப்பிய மடிப்பு வினாவும் மீண்டும் எழுந்தது. ஐந்தாம் மாதம்வரை பெரிதும் வழவழப்பாயிருக்கும் மூளை பின்னர் மடிப்பது ஏன்? சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்று ஹாவாட் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராயமைந்த எல். மகாதேவனும் அவருடன் சேர்ந்தோரும் 2016இல் ஒரு சோதனை வெளியிட்டனர். இருபத்திரண்டு வாரக் கருமூளையின் வடிவத்தை மென்பசைப் பொருளால் வார்த்து, அதன் மேற்படை மட்டும் ஒரு திரவத்தை உறிஞ்சிப் பருக்கும்படி செய்தனர். உட்பகுதியைவிட விரைந்து விரியும் மேற்படை, இடம் போதாமல் தானே மடிந்தது. அம்மடிப்புகள் மனித மூளையின் மடிப்புகளை ஒத்திருந்தன. அதே சென்னைக் கழகத்தின் மூளை ஆய்வு மையம் 2024 திசம்பரில் தரணி என்னும் பெயரில் கருமூளை வரைபடமொன்றை உலகோர் எவரும் பார்க்கத்தக்கதாக வெளியிட்டது. பதினான்கு முதல் இருபத்துநான்கு வாரம் வரையான மூளைகளின் 5,132 சீவல்கள் அதில் அடங்கியுள்ளன. ஹிஸ் கையால் வரைந்து தொடங்கிய பணி இன்று தமிழ்நாட்டிலே தொடர்கிறது.

கருமூளைக்கு வரும் கேடு கதிர்வீச்சு ஒன்றனால் மட்டும் நேர்வதன்று. 2015இல் பிரேசிலின் வடகிழக்கில் சிறுதலைக் குழந்தைகள் திடீரெனப் பெருகப் பிறந்தன. டெங்கு நோயைப் பரப்பும் நுளம்பே பரப்பும் சிக்கா என்னும் நுண்கிருமி, பிரியும் ஆரைக்கலங்களைத் தேடித் தாக்குவதே காரணம் எனக் கண்டனர். 2016 பெப்ரவரி முதலாம் நாள் உலக சுகாதார நிறுவனம் அதனைச் சருவதேச அவசரநிலையாக அறிவித்தது. இன்னொரு கேடு ஓசையின்றி வருவது. தாயின் உணவில் அயடீன் மிகக் குறைந்தால், கருவின் மூளை வளர்ச்சி குன்றும். கருத்தரிக்கும் முன்னரே தாய்க்கு அயடீன் கொடுத்தால் இக்கேட்டைத் தடுக்கலாம் என்பது பப்புவா நியூகினியில் நடந்த ஆய்வினால் 1971இல் மெய்ப்பிக்கப்பட்டது. தென்மேற்குப் பகுதிகளிற் கண்டமாலை நோய் மலிந்திருந்த இலங்கையிலும் 1995 முதல் உப்பில் அயடீன் சேர்ப்பது நடைமுறைக்கு வந்தது. ஒரு சிட்டிகை உப்பு பிறவாத பிள்ளையின் அறிவைக் காக்கிறது.

இறுதியாக ஒரு செய்தி. 1950களிலும் 60களிலும் நிகழ்ந்த அணுகுண்டுச் சோதனைகளால் வளிமண்டலத்தில் கதிர்வீசும் கரியின் அளவு உயர்ந்தது. அவ்வளவைக் கொண்டு, ஒரு கலம் எவ்வாண்டிற் பிறந்தது எனக் கணிக்கலாம். 2006இல் சுவீடன் ஆராய்ச்சியாளர் மனித மேற்பட்டையின் நரம்புக்கலங்களை இவ்வழியில் அளந்தனர். அக்கலங்களின் வயதும் மனிதனின் வயதும் ஒன்றாயிருந்தன. பிறந்தபின் அங்கே புதிய நரம்புக்கலம் சேர்வதில்லை. எண்பது வயது முதியவர் தம் தாயின் முகத்தை நினைவுகூர்வது, அத்தாயின் வயிற்றிலேயே தாம் பெற்ற கலங்களைக் கொண்டுதான்.

கலங்கள் பிறந்து அடுக்கப்படும் பணி கருவிலே முடிகிறது. அவற்றுக்கிடையே தொடர்புகளைப் பின்னும் பணி பிறந்தபின் பல்லாண்டு நடைபெறுகிறது. பிந்தியது பெற்றோரும் ஆசிரியரும் பங்குகொள்ளும் பணி. முந்தியதோ ஒரு தாயின் உணவிலும், உடல்நலத்திலும், அவளைச் சூழ்ந்த உலகின் அமைதியிலும் தங்கியிருக்கிறது. ஏடு தொடக்குவதற்காகப் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்கும் குழந்தை, தன் முதற் கொடையை அதற்கும் ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்னரே பெற்றுவிட்டது. கருவுற்ற தாய்க்குச் செய்யும் பணி அக்குழந்தையின் கல்விக்குச் செய்யும் முதற் பணியுமாகும்.